கை தூக்கியவர் மீதன்று, கை தூக்காதவர் மீது

அனுப்புநர்
வே. சுந்தரபாண்டி (வயது 57),
உரம், விதை விற்பனையாளர்,
சீலைக்காரியேந்தல்,
திருச்சுழி வட்டம், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
மாவட்ட நூலக அலுவலகம்,
விருதுநகர்.

பொருள்: சீலைக்காரியேந்தல் ஊர்ப்புற நூலகத்தின் இரண்டு கணினிகளில், வாசகர்களின் அனுபவத்துக்குப் பொருந்தாத இயங்குதளத்தை நிறுவி அவற்றைச் செயலிழக்கச் செய்த வாசகர் வட்டத் தலைவர் மீது நடவடிக்கை எடுக்கவும், நூலகர் செல்வி பாண்டீஸ்வரி மீதான குறிப்பாணையைத் திரும்பப் பெறவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. வாசகர் வட்டத்தினரின் புகார் மனு, நாள் 13.10.2025.
2. அதன் மீது நூலகருக்கு அனுப்பப்பட்ட குறிப்பாணை.

மதிப்பிற்குரிய அய்யா,

1. பார்வை ஒன்றில் காணும் மனுவை எழுதியவன் நான். அதன் அடியில் ஊரார் பலர் கையொப்பமிட்டுள்ளனர். ஆனால் வாசகங்கள் எல்லாம் என்னுடையவை. அதில் நூலகத்தின் முகவரி, கணினிகளின் எண்ணிக்கை, தேதி ஆகியவை சரி. மற்றவை சரியல்ல. ஆகவே அந்த மனுவின் மீது இந்த மனுவைப் புகாராக அளிக்கிறேன். புகார்தாரரும் நானே, புகாருக்கு உள்ளானவரும் நானே என்பதால் விசாரணைக்கு ஒருவருக்கு மட்டும் அழைப்பு அனுப்பினால் போதும்.

2. என்னைப் பற்றிச் சுருக்கமாக: பந்தல்குடிக்குப் போகும் சாலையில் உரக்கடை வைத்திருக்கிறேன். படிக்கும் பழக்கம் உண்டு. அதனால் எழுதும் பழக்கமும் வாசகர் வட்டத் தலைவர் பொறுப்பும் வந்தன. ஊராருக்கு மனு எழுதித் தருவதைப் பல ஆண்டுகளாக ஒரு சேவையாகச் செய்துவருகிறேன். கண்மாய் மடை, சாலைப் பள்ளம், நின்றுபோன பஸ், முதியோர் உதவித்தொகை என்று நான் எழுதிய மனுக்களின் நகல்கள் கடையில் ஒரு உரச்சாக்கு நிறைய இருக்கின்றன. அவற்றில் எழுதிய மாதமே நடவடிக்கை எடுக்கப்பட்டது பார்வை ஒன்றில் கண்ட மனுவின் மீது மட்டும்தான். இதை யார் மீதும் குறையாகச் சொல்லவில்லை. உண்மையை எழுதும்போது அது உண்மைதானே என்று அசட்டையாக எழுதிவிட்டேன் போலும். பொய்யை எழுதும்போதுதான் சொல்லுக்குச் சொல் உழைத்திருக்கிறேன்.

3. எங்கள் நூலகத்தில் உள்ள இரண்டு கணினிகளும் ஊரிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போனவர்கள் தங்கள் அலுவலகத்தில் கழித்துவிட்டவற்றை வாங்கி அனுப்பியவை. வயதானவை; ஆனால் நல்ல நிலையில் இருந்தன. வரும்போதே அவற்றில், கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளம் ஒன்று இருந்தது. அதற்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று இந்த ஆண்டு தொடக்கத்திலேயே பத்திரிகையில் படித்தோம். போதாததற்கு, தேர்வுக்கு விண்ணப்பிக்க வருகிறவர்கள் செருகும் பென் டிரைவுகள் வழியாக வைரஸ் புகுந்து, கோப்புகள் கண்ணுக்கு மறைவதும், பிறகு ஒருநாள் தாமாகத் திரும்பி வருவதும் வழக்கமாயிற்று. எனவே கட்டற்ற, விலையில்லாத இயங்குதளம் ஒன்றை நிறுவலாம் என்று வாசகர் வட்டத்தில் நான் முன்மொழிந்தேன். விலையில்லாதது என்ற சொல்லோடு தீர்மானம் நிறைவேறிவிட்டது. மீதியை யாரும் காதில் வாங்கவில்லை.

4. லினக்ஸ் என்று பொதுவாகச் சொல்லப்படும் அந்த இயங்குதளம் ஒன்றல்ல, பல. எதைத் தேர்வது என்பதற்கு இணையத்தில் எங்கும் ஒரே அறிவுரைதான்: முதலில் உங்கள் அனுபவம் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள், அதற்கு ஏற்றதை எடுங்கள். தொடக்க நிலையினருக்கானவை தம்மைத் தாமே நிறுவிக்கொள்ளும். உலாவி, தட்டச்சுச் செயலி, அச்சுப்பொறி, தமிழ் விசைப்பலகை எல்லாம் போட்ட இடத்தில் இருக்கும். நடு நிலையினருக்கானவற்றில் சிலவற்றை நாமே சேர்க்க வேண்டும். கைதேர்ந்தவர்களுக்கானவற்றில் கறுப்புத் திரையும் அதில் மின்னும் ஒரு கோடும் தரப்படும். வேண்டியதை எல்லாம் கட்டளைகளாகத் தட்டச்சு செய்து நாமே கட்டி எழுப்ப வேண்டும். மூன்றாம் வகையில் நான் தேர்ந்த இயங்குதளத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அது கைதேர்ந்தவர்கள் கையில் நன்றாகவே ஓடுகிறது. குற்றம் அதன் மீது இல்லாதபோது மனுவில் அதன் பெயர் எதற்கு?

5. இதில் என் குற்றத்தின் அளவு தங்களுக்கு விளங்க, என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைக்கு விதை கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, கிணறு இருக்கிறதா, மானாவாரியா என்பதுதான். கிணறு இல்லாதவர் நெல் விதை கேட்டால் கொடுக்க மாட்டேன். கோபித்துக்கொண்டு காரியாபட்டிச் சந்தைக்குப் போவார். போகட்டும் என்று விட்டுவிடுவேன். குதிரைவாலியோ சோளமோ போடுங்கள் என்று சொல்லி வியாபாரத்தை இழந்த நாட்களும் உண்டு. நிலம் பார்த்து விதை கொடுப்பதில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எனக்கு நல்ல பெயர். அந்த நான், ஊர் முழுக்க மானாவாரி என்று தெரிந்தும், ஆற்றுப்பாசன விதையைக் கொண்டுவந்து நூலகத்தில் விதைத்தேன்.

6. அனுபவ நிலையைத் தீர்மானிக்க, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நூலகத்தில் வாசகர் வட்டத்தைக் கூட்டினேன். தொடக்க நிலையில் இருப்பவர்கள் கை தூக்கலாம் என்று அறிவித்தேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவன் செய்யக் கூடாத காரியம் அது. தெரியாது என்பதை எங்கள் ஊரில் தனியாக, ஓரமாக அழைத்துக் கேட்டால் சொல்வார்கள். பொண்ணு கொடுத்தவர், எடுத்தவர், பங்காளி, கடன்காரர் எல்லாரும் உட்கார்ந்திருக்கும் சபையில் கேட்டால் எவரும் சொல்ல மாட்டார்கள். ஒரு ஆண் கையும் எழவில்லை. வட்டத்தின் துணைத் தலைவர் திரு. தவசியின் கணினி அனுபவம், துபாயில் இருக்கும் மகன் பேசும்போது கைபேசியில் முகம் பார்ப்பது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். என் அனுபவம், கடையில் பில் போடுவதும், லினக்ஸ் பற்றி வாங்கிப் படித்த புத்தகங்களும், பார்த்த காணொளிகளும். நானும் கை தூக்கவில்லை. கேள்வி கேட்கிறவன் கை தூக்க வேண்டியதில்லை என்று அப்போது எனக்கு ஒரு நியாயம் தோன்றியது.

7. ஒரே ஒரு கை எழுந்தது. அது நூலகர் செல்வி பாண்டீஸ்வரியுடையது. "எனக்குத் தொடக்கந்தான் அண்ணாச்சி. தெனமும் நாந்தான் இத ஓட்டணும். எனக்குத் தக்கனையே போட்டுருங்க" என்றார். வாசகர் வட்டத்தில் இந்த ஆண்டு பேசப்பட்டவற்றுள் அறிவுடைய பேச்சு அது ஒன்றுதான். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே உள்ளபடியே தருகிறேன்: "இது நூலகம்மா. பால்வாடி இல்ல." எல்லாரும் சிரித்தார்கள். திரு. தவசி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மறுநாள் முதல் ஊர்ப் பிள்ளைகள் நூலகத்தைப் பால்வாடி என்றும், நூலகரைப் பால்வாடி டீச்சர் என்றும் அழைக்கத் தொடங்கினார்கள். ஊருக்கு நான் எழுதிக் கொடுத்தவை எவையும் இவ்வளவு தூரம் பரவியதில்லை.

8. தாம் யார் முன்னிலையில் கை தூக்குகிறோம் என்று பாண்டீஸ்வரிக்குத் தெரியாமல் இல்லை. அவருடைய பெற்றோர் எங்கள் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர்கள். அவர் படித்து, தேர்வு எழுதி, அந்த நாற்காலிக்கு வந்தவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எனக்குத் தெரியாது என்று சொல்ல அவருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்பதை நான் அப்போது நினைக்கவில்லை. இப்போது கடையில் ஆளில்லாத நேரமெல்லாம் நினைக்கிறேன்.

9. தொடக்க நிலை கழிந்தபின் நடு நிலை பற்றிப் பேச்சு வந்தது. அதை நரிக்குடிப் பக்கத்தில் ஒரு ஊர் நூலகத்தில் ஏற்கெனவே நிறுவியிருக்கிறார்கள் என்று நான் ஒரு தகவலுக்காகச் சொன்னேன். அது திரு. தவசியின் சம்பந்தி ஊர். "அங்க நடுவுல உள்ளதப் போட்டுருக்காக. நாமளும் அதையே போட்டா அவுகளப் பாத்துப் போட்டோம்னு ஆகும். மேல உள்ளதப் போடு" என்றார். கரவொலி எழுந்தது. இவ்வாறாக, இரண்டு பழைய கணினிகளுக்கான இயங்குதளம் ஒரு சம்பந்தி ஊரை முன்னிட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அது தவறு என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். மற்றவனாகிய நான் கரவொலியை ரசித்துக்கொண்டிருந்தேன்.

10. நிறுவ எனக்குச் சித்திரை முழுவதும் ஆயிற்று. கடையை மனைவியிடம் விட்டுவிட்டு நூலகத்திலேயே கிடந்தேன். ஒரு வழியாகக் கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடியபோது எனக்கு ஏற்பட்ட பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வாசகர்களை வரவழைத்து, உலாவியைத் திறக்க ஒரு கட்டளை, தமிழுக்கு மாற ஒரு கட்டளை, அச்சிட ஒரு கட்டளை என்று பாடம் நடத்தினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பாண்டீஸ்வரி மட்டும், "இன்னொருக்காச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று கேட்டு, கட்டளைகளை ஒரு அட்டையில் எழுதிக் கணினிக்கு மேலே தொங்கவிட்டார். அதையும் நான் கேலி செய்தேன். அந்த அட்டை இல்லாமல் எனக்கே பாதி நினைவில் இருக்காது என்பது வேறு விஷயம்.

11. வைகாசியிலிருந்து கணினிப் பக்கம் ஆள் வரத்து குறைந்தது. தெரியவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒருவருக்குக் கண் சரியில்லை. ஒருவருக்குக் கோடை உழவு வேலை. ஒருவர் கணினி முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, திரையை மரியாதையாகப் பார்த்துவிட்டு, நெட் மெதுவாக இருக்கிறது என்று எழுந்து போனார். அவர் ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை என்று பாண்டீஸ்வரி என்னிடம் சொன்னார். பேசாமல் முதலில் சொன்னதையே போட்டுவிடலாமே என்றும் கேட்டார். பழகப் பழகச் சரியாகும் என்றேன். ஏமாற்றமடைந்த விவசாயிகளிடம் உரக் கம்பெனிக்காரர்கள் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அதே தொனியில் சொன்னேன்.

12. அப்படி நெட் மெதுவாக இருக்கிறது என்று எழுந்து போனவர்களில் ஒருவர், பந்தல்குடி பக்கத்தில் மில் வேலைக்குப் போகும் தங்கமாரி. புரட்டாசியில் அரசுப் பணித் தேர்வு ஒன்றுக்கு விண்ணப்பிக்க வந்தவர். கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்கக் கூச்சப்பட்டு, இருமுறை திரும்பிப் போயிருக்கிறார். கைபேசியில் முயன்றதில் புகைப்படமும் கையொப்பமும் ஏறவில்லை. கடைசியில் பாண்டீஸ்வரியே அவர் வீட்டுக்குப் போய், கடைசி நாளன்று மில் விட்டதும் நேரே வா, நூலகத்தைப் பூட்டாமல் காத்திருக்கிறேன், நானே உடன் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

13. அந்தக் கடைசி நாள், எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை நாள். பத்திரிகையில் அறிவிப்பு வந்திருந்தது. நூலகத்துக் கரும்பலகையிலும் பாண்டீஸ்வரி எழுதிப் போட்டிருந்தார். பத்திரிகையில் ஒரு வரி விடாமல் படிப்பவன் என்று பெயர் எடுத்த நான் அன்று காலை நூலகத்துக்குப் போய், இரண்டு கணினிகளிலும் ஒருசேர மேம்பாட்டுப் பணியைத் தொடங்கினேன். அதாவது, இயங்குதளத்தின் பழைய உறுப்புகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை மாட்டும் வேலை. அது பாதியில் நிற்கக் கூடாது. பாண்டீஸ்வரி, "இன்னைக்கு வேணாம் அண்ணாச்சி. கரண்ட்டு போயிரும். சாயங்காலம் அந்தப் பிள்ள வாரா" என்றார். கரண்ட் போவதற்குள் முடிந்துவிடும் என்றேன். முடியவில்லை.

14. மாலையில் மின்சாரம் வந்தது. கணினிகள் வரவில்லை. முன்பு இருந்த கறுப்புத் திரையிலாவது ஒரு கோடு மின்னும். இப்போது அதுவும் இல்லை. இந்த நிலையிலிருந்து மீட்பதற்கு வழி உண்டு என்று புத்தகத்தில் இருக்கிறது. கைதேர்ந்தவர்களுக்கு அது அரைமணி நேர வேலை என்றும் இருக்கிறது. தங்கமாரி மில் சீருடையோடு வந்து நின்றார். நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகவே புத்தகத்தைப் புரட்டினேன் என்பதே சரி. பாண்டீஸ்வரி அவரைத் தம் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனார். அங்கே கணினி மையத்தில் கூட்டம். கடைசி நாள் என்பதால் இணையதளமும் திணறியது. நாள் முடிந்தது. விண்ணப்பம் போகவில்லை.

15. மறுநாள் காலை என் கடை முன்னால் ஊரார் கூடினர். தங்கமாரியின் அப்பா சந்தனம் உரமூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் பேசினார்கள். யாரால் இப்படி ஆயிற்று என்று கேள்வி வந்தது. பதில் எனக்குத் தெரியும். வாயைத் திறந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். திரு. தவசி முந்திக்கொண்டு, மெஷின் யார் பொறுப்பில் இருக்கிறது, நூலகர் பொறுப்பில்தானே, அப்படியானால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும் என்றார். கூட்டம் ஆமாம் என்றது. பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "நீ ஒரு மனு எழுது, சுந்தரபாண்டி. ஒன்னைய மாதிரி யாரு எழுதுவா" என்றார். இந்தப் பாராட்டுக்கு நான் எப்போதும் அடங்கிவிடுவேன். எழுதினேன்.

16. அம்மனுவின் மூன்றாம் பத்தியைத் தாங்கள் நினைவில் வைத்திருக்கக் கூடும். குறிப்பாணையிலும் அந்த வரியே மேற்கோளாக வந்திருக்கிறது: "கணினிகளைக் கையாளுவதில் தாம் தொடக்க நிலையிலேயே இருப்பதாக மேற்படி நூலகர் பொதுக்கூட்டத்தில் தாமே கை உயர்த்தி ஒப்புக்கொண்டுள்ள நிலையில், அவர் வசம் விலை உயர்ந்த கணினிகளை விட்டுவைத்திருப்பது முறையாகுமா என்பதைத் தங்கள் மேலான பார்வைக்குச் சமர்ப்பிக்கிறோம்." அய்யா, அந்தக் கூட்டத்தில் உண்மை சொன்ன ஒரே கையை எடுத்து, அந்தக் கைக்கு எதிராகவே சாட்சியாக்கினேன். எழுதி முடித்துச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தங்கமாரி மட்டும் கையொப்பமிடவில்லை. அக்கா தனக்காக நூலகத்தைப் பூட்டாமல் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லி, காகிதத்தை அப்படியே அடுத்தவரிடம் நகர்த்திவிட்டார்.

17. குறிப்பாணை வந்த அன்று மதியம் பாண்டீஸ்வரி கடைக்கு வந்தார். தொகுப்பூதியப் பணியிலிருந்து ஏன் விடுவிக்கக் கூடாது என்பதற்குப் பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் கேட்டிருந்தது. அந்த வேலையை நம்பித்தான் அவர் வீடு நடக்கிறது என்பதை ஊரில் எல்லாரும் அறிவார்கள். காகிதத்தை மேசை மேல் வைத்து, விளக்கம் எழுதித் தரும்படி கேட்டார். கண் மங்கியவன் போல எழுத்துக் கூட்டி என் வரிகளை நானே வாசித்தேன். ஒன்றும் தெரியாதவன் போல, யாரோ விவரமானவர் எழுதியிருக்கிறார் என்று வேறு சொன்னேன். அதற்கு அவர் சொன்னது: "யாரு எழுதுனதுன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. இந்த ஊர்ல 'மேலான பார்வைக்கு'ன்னு வேற யாரு எழுதப் போறா? நான் பதில் எழுதுனா சாக்குச் சொல்றான்னுவாக. எழுதுனவுகளே மறுத்து எழுதுனாத்தான் எடுபடும்." குரலை உயர்த்தவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போகும்போது, யூரியா கேட்டு நின்ற ஒருவருக்கு வழிவிட்டுப் போனார்.

18. அதன்பின், முந்தைய மனுவில் கையொப்பமிட்டவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். பாண்டீஸ்வரி மீது தவறில்லை என்பதில் ஒருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கையொப்பத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதித் தரக் கேட்டபோதுதான் ஒவ்வொருவருக்கும் வேலை வந்தது. திரு. தவசி மட்டும் காரணத்தை மறைக்கவில்லை. "கையெழுத்த வாபஸ் வாங்கணும்னா, அன்னைக்குத் தூக்காத கைய இன்னைக்குத் தூக்குனது மாதிரில ஆகும்" என்றார். யோசித்துப் பார்த்தால் சரிதான். ஆகவே இந்த மனுவில் ஒரு கையொப்பம் மட்டுமே உள்ளது. இதை ஊர் ஆதரவு இல்லாத மனு என்று தள்ளிவிட வேண்டாம். ஊர் இதை ஆதரிக்கிறது. யாரும் பார்க்காத இடத்தில் ஆதரிக்கிறது.

19. கணினிகளின் இப்போதைய நிலை: கடந்த வாரம் தொடக்க நிலையினருக்கான இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். பாண்டீஸ்வரி என்னை விசைப்பலகைப் பக்கம் விடவில்லை. என்னைச் சற்றுத் தள்ளி நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, திரையில் வந்த கேள்விகளை வாய்விட்டுப் படித்து, மொழி எது, ஊர் எது, பெயர் எது என்று பதில் கொடுத்து, அடுத்து அடுத்து என்று அழுத்தினார். புரியாத இடத்தில் நிறுத்தி, புரியவில்லை என்று சொல்லி, இருவரும் படித்துப் பார்த்தபின் மேலே போனார். நான் சித்திரை முழுவதும் செய்த வேலை அந்த ஒரு காலையில் முடிந்தது. தமிழ் விசைப்பலகை வேலை செய்கிறது. அச்சுப்பொறி வேலை செய்கிறது. உலாவியைத் திறக்க ஒரு படத்தை அழுத்தினால் போதும். பாண்டீஸ்வரி கட்டளை அட்டையைக் கழற்றி, அதன் பின்பக்கத்தில் அடுத்த மின்தடை நாளை எழுதி வைத்தார். நேற்று திரு. தவசி வந்து, அறையில் ஆள் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, துபாய் மகனுக்கு மின்னஞ்சல் அனுப்பக் கற்றுக்கொண்டார்.

20. தங்கமாரிக்கு நேர்ந்ததற்குத் தங்களிடம் பரிகாரம் கேட்கவில்லை. அந்தத் தேர்வு போய்விட்டது. அடுத்த அறிவிப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவர் இப்போதும் மில்லுக்குப் போகிறார். பஸ்ஸுக்கு நிற்கும் இடம் என் கடைக்கு எதிரேதான். என்னைப் பார்த்தால் முன்போலவே வணக்கம் சொல்கிறார். அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

21. மேற்கண்ட காரணங்களால் தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது:

அ) நூலகர் செல்வி பாண்டீஸ்வரி மீதான குறிப்பாணையைத் திரும்பப் பெற்று, அவர் பணியில் தொடர ஆணையிட வேண்டும். அவரிடம் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. கேட்டே ஆக வேண்டும் என்று விதி இருக்குமானால் இந்த மனுவையே அவரது விளக்கமாகக் கொள்ளலாம்.

ஆ) வாசகர் வட்டத் தலைவர் பொறுப்பிலிருந்து என்னை நீக்க வேண்டும். நானே விலகலாமே என்று தாங்கள் கருதக் கூடும். விலகினால் ஊரில் அதைப் பெருந்தன்மை என்று சொல்லிவிடுவார்கள்; எனக்கு மாலைகூடப் போடுவார்கள். நீக்கினால் மட்டுமே காரணம் கேட்பார்கள்.

இ) கணினிகள் இரண்டையும் வேறு நூலகத்துக்கு மாற்ற வேண்டாம். மேம்பாட்டுப் பணி, மாற்றம், நிறுவல் எதுவாயினும் நூலகரின் சொல்லே முடிவு என்று எழுத்தில் தர வேண்டும். அதை என் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும்.

ஈ) எந்த ஊர்ப்புற நூலகத்திலும் வாசகர்களின் அனுபவ நிலையைச் சபையில் கை தூக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புவது நலம். தனித்தனியே கேட்கலாம். யாராவது சபையில் துணிந்து கை தூக்கிவிட்டால், அவருக்குத் தக்கதையே எல்லாருக்கும் நிறுவ வேண்டும்.

22. அனுப்பும் முன் இந்த மனுவைப் பாண்டீஸ்வரியிடம் காட்டினேன். அவரைப் புகழ்ந்து நான் எழுதியிருந்த நான்கைந்து வரிகளைப் பேனாவால் அடித்துவிட்டார். எட்டாம் பத்தியை இருமுறை படித்து, அடிக்காமல் விட்டார். முழுவதும் படித்தபின், "நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா மொத மனு இதவிட நல்லா இருந்துச்சு" என்றார்.

23. அவர் சொன்னது சரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் ஒரு சொல்லை எடுக்க முடியாது. இதில் பல இடங்களில் தடுமாற்றம் தெரிகிறது. திருத்தி எழுதிப் பார்த்தேன். திருத்தத் திருத்த இது அதன் சாயலுக்கே போகிறது. எனவே அப்படியே அனுப்புகிறேன். தங்கள் மேசையில் இரண்டு மனுக்களும் ஒன்றாக இருக்கும்போது, நன்றாக எழுதப்பட்டதை நம்பிவிட வேண்டாம் என்பது ஒன்றே என் கடைசி வேண்டுகோள்.

விசாரணைக்கு எந்த நாள் அழைத்தாலும் வருவேன். மின்தடை நாளானாலும் வருவேன்.

இணைப்பு: 1. முந்தைய மனுவின் நகல் (மூன்றாம் பத்தி என் கையால் அடிக்கோடிடப்பட்டது).
2. குறிப்பாணையின் நகல்.

இடம்: சீலைக்காரியேந்தல்
நாள்: 09.11.2025

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
வே. சுந்தரபாண்டி
அனுபவம்: தொடக்க நிலை